நடுச்சுவரின் அந்தப் பக்கம்

பியானெத்தோ,
மார்ச் 3

அன்பு மகள் நோயேமிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் அம்மாவும் இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் எலியாவும் அந்தக் கடல் கடந்த ஊரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அங்கே இன்னும் வெயில் குறையவில்லை என்றாய், குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. போன வாரம் நீ போன் பண்ணினபோது நான் ஒழுங்காகப் பேசவில்லை என்பது உனக்கே தெரிந்திருக்கும். போனில் எனக்கு எப்போதுமே வாய் வராது, உன் அம்மா பக்கத்தில் நின்று இடுப்பில் இடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் நாலு வார்த்தை வரும். பெரியப்பா நிமோனியாவில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதியை ஊர்க்காரர்கள் யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ரயில்வேயில் இருந்தவரைக்கும் நேராகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வேலை உன் அம்மாவின் நெஞ்சுக்காகத்தான் ஆரம்பித்தது. போன குளிர்காலம் முழுக்க அவள் இருமிக்கொண்டே இருந்தாள், டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுத்து எழுந்தாள், அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு குளிர்காலம் அதே வீட்டுல வச்சிருந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். நம் கல்வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுவர் கைநீளக் கனம், ஆனாலும் டிசம்பரில் காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு உள்பக்கம் பனி பூத்திருக்கும், படுக்கை விரிப்பு ஈரத்துணி போலக் கிடக்கும். நீயும்தான் ஒவ்வொரு தடவையும், வீட்டைச் சரிபண்ணுங்கள் அல்லது விற்றுவிட்டு இங்கே வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால் மேஸ்திரி க்வால்தியேரோவை வரச் சொன்னேன், பள்ளத்தாக்கில் பழைய வீடுகளை எல்லாம் இப்போது அவன்தான் பார்க்கிறான். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், கையை வைத்துப் பார்த்தான், கூரைக்கு மேலே ஏறிக் கற்பலகைகளைப் புரட்டிப் பார்த்தான், கீழே வந்து, "வீட்டுக்குக் கோட்டு போடணும்" என்றான். அப்படித்தான் அதற்குப் பெயராம். "ஜெர்மன்காரன் வீட்டுக்கு வெளிய பஞ்சைச் சுத்தி மேல பெயிண்ட் அடிச்சுடுவான். நாம இத்தாலிக்காரங்க, வெளிய அழகு போச்சுன்னா தூக்கம் வராது. சட்டைக்குள்ள கம்பளி பனியன் போடுற மாதிரி உள்பக்கமா போட்டுடலாம்" என்றான். வெளிக் கல்லைத் தொடக்கூடாது என்று ஊராட்சியிலும் சொல்லிவிட்டார்கள். ஆக, சுவருக்கு உள்பக்கம் தக்கைப் பலகை, அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு அடியில் மரநார்ப் பலகை, ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி, தரைக்குப் புது மரத்தளம். சிமெண்ட் ஒரு பிடிகூடப் போடக்கூடாது, கல் மூச்சுவிட வேண்டும் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கோடை முழுக்க வேலை நடந்தது, நாங்கள் சமையலறையிலேயே படுத்தோம், உன் அம்மா தூசிக்குப் பயந்து தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்காரர்களுக்குச் சோளமாவில் பொலெந்தா கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இனி நடுச்சுவருக்கு வருகிறேன். தாத்தா போன பிறகு வீட்டை நடுவில் பிரித்தோம், இடது பாதி பெரியப்பாவுக்கு, வலது பாதி எனக்கு. இடையில் இருந்த கதவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கல் வைத்து அடைத்தோம், அன்றைக்கு ஒரு சண்டையும் இல்லை, வேலை முடிந்து ஒரே பாட்டிலில் குடித்தோம். சண்டை அக்ரூட் மரத்தால் வந்தது. அவர் பக்கம் நின்ற மரத்தின் கிளை நம் கூரைமேல் சாய்ந்து காற்றடிக்கும்போதெல்லாம் ஒரு கல்லைப் பெயர்த்தது, நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. அவர் கல்குவாரிக்குப் போயிருந்த ஒரு நாள் கிளையை அறுத்துவிட்டேன். கிளையைத்தான் அறுத்தேன், மரம் அடுத்த வருடம் பட்டுப்போனது. பட்ட மரத்தடியில் நின்றுகொண்டு, "இனிமே எனக்குத் தம்பி கிடையாது" என்றார், சொன்னபடி இருந்தார். உன் அம்மாவைப் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார், என்னைப் பார்த்தால் மலையைப் பார்ப்பார். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அவர் வீட்டுக்குள் நுழைவதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். நீ போன பிறகு அந்த வாசலை மிதிக்க நம் வீட்டில் ஆள் இல்லை.

நம் மாக்கல் கணப்பு அந்த நடுச்சுவரை ஒட்டித்தானே நின்றது. க்வால்தியேரோ அதன் பக்கத்தில் நின்று கேட்டான், "அந்தப் பக்கம் கணப்பு எரியுதா? எரிஞ்சா இந்தச் சுவருக்கு ஒண்ணும் வேணாம், அவங்க சூடும் உங்க சூடும் சரியாப் போயிடும். எரியலைன்னா நீங்க போடுற விறகுல பாதி அந்த வீட்டுக்குத்தான் எரியுது." நான் சொன்னேன், "அந்தாளு கூரையில புகை பார்த்து வருஷக்கணக்காச்சு. குளிரே உறைக்காது. குவாரிக் கல்லுலயே செஞ்சு விட்டிருக்காங்க." வேலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும், "அந்தச் சுவரை விட்டுடலாமேங்க, இத்தனை வருஷம் இருந்தது அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், அவளுக்கு ஏதோ மனசுக்குப் பட்டிருக்கிறது. "விட்டா உன் நெஞ்சுக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். அவள் பொலெந்தாவைக் கிண்டப் போய்விட்டாள். கணப்பைக் கல் கல்லாகப் பிரித்து, சுவரைவிட்டுத் தள்ளி அறைக்குள் திரும்பக் கட்டினார்கள். நடுச்சுவருக்கும் தக்கை வைத்துப் பூசியாயிற்று.

குளிர் வந்தபோது வீடு எப்படி இருந்தது தெரியுமா. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை விறகு போட்டால் போதும், மாடியில்கூட உன் அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் நடமாடினாள். ஜன்னலில் பனி பூக்கவில்லை, விரிப்பு காய்ந்த ரொட்டி மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தது, அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. இன்னொரு மாற்றமும் வந்தது, அதையும் நாங்கள் நல்லதாகவே எடுத்துக்கொண்டோம், வீடு அமைதியாகிவிட்டது. முன்னெல்லாம் பெரியப்பா நாற்காலியை இழுப்பது, தொண்டையைச் செருமுவது எல்லாம் சுவர் வழியாக வரும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அவர் அணி தோற்றால் கோல்கீப்பரின் வம்சத்தையே திட்டுவார், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிப்பேன். இப்போது ஒன்றும் வரவில்லை. "தக்கை சத்தத்தையும் குடிச்சிடும்" என்று க்வால்தியேரோ பெருமையாகச் சொல்லியிருந்தான். அவர் பக்கம் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவே வழியில்லாமல் போனது.

ஜனவரியில் சான் அந்தோனியோ திருநாள் முடிந்து பெரிய குளிர் பிடித்தது, பிறகு பனி கொட்டியது. பனி நின்று இரண்டாம் நாள் காலையில் உன் அம்மா வாசல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தூவப் போனவள் வாளியோடு திரும்பி வந்து, "உங்க அண்ணன் வெளியவே வரலைங்க. அவர் வாசல்ல ஒரு காலடி இல்ல" என்றாள். "போர்வைக்குள்ள கிடப்பாரு" என்றேன். "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா" என்றாள். நான் போனேன். கதவைத் தட்டினேன், பிறகு கூப்பிட்டும் பார்த்தேன். கதவு தாழிடாமல்தான் இருந்தது. உள்ளே வெளியைவிடக் குளிர், நோயேமி, மூடிக் கிடக்கிற கல்லின் குளிர், பல்லுக்குள் ஏறுகிற குளிர். தொட்டியில் தண்ணீர் உறைந்திருந்தது. அவருடைய அடுப்பு துருப்பிடித்துக் கிடந்தது, மேலே புகைபோக்கி எப்போதோ உள்ளே இடிந்து விழுந்திருக்கிறது, அந்த ஓட்டையில் சாக்கை அடைத்து வைத்திருந்தார். அதைச் சரிபண்ண வேண்டுமானால் கூரையில் ஏற வேண்டும், அவர் இடுப்பு அதற்கு விடாது, ஏறக்கூடிய தம்பியும் கிடையாது என்று அவரே சொல்லியாகிவிட்டது.

அந்த அறையில் நான் பார்த்தது இதுதான். கட்டில், மேசை, நாற்காலி, ரேடியோ, ரொட்டி டப்பா, காயப்போட்ட காலுறைக் கொடி, எல்லாமே நடுச்சுவரை ஒட்டி இருந்தன. மற்ற மூன்று சுவர்ப் பக்கமும் ஒரு சாமான் இல்லை, வெறும் தரை. நம் பக்கம் கணப்பு நின்ற இடத்துக்கு நேரே அவர் கட்டில், கட்டிலுக்கு மேலே சுவர்ப் பூச்சு ஒரு முதுகின் அகலத்துக்குக் கருத்து வழுவழுவென்று இருந்தது. வருடக்கணக்காக அதில் சாய்ந்து சாய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. அவர் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு கோட்டு, அதன் மேல் போர்வை, தலையில் தொப்பி, உள்ளங்கை இரண்டும் சுவரில். கண் திறந்திருந்தது. நான் செத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அவர் கண்ணை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார், மலையைப் பார்க்கவில்லை.

மதுக்கடை ஃபெர்மோவைக் கூப்பிட்டு, உன் அம்மாவும் சேர்ந்து மூன்று பேருமாகப் போர்வையோடு தூக்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கணப்புக்கு ரொம்பப் பக்கத்தில் போடாதீர்கள், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும் என்று ஃபெர்மோ சொன்னார். பாதையில் பனி தள்ளாமல் கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர நேரமானது. உன் அம்மா வெதுவெதுப்பான பாலைக் கரண்டியால் புகட்டினாள். அவர் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதான் அந்தக் கோட்டா" என்றார். நான் தலையாட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குத் தாங்கவில்லை, "ஏண்ணே சொல்லல? கதவைத் தட்டியிருக்கலாமே" என்றேன். எத்தனையோ வருடம் கழித்து அவரிடம் பேசின முதல் பேச்சு அது. அவர் சொன்னார், "என்னன்னு தட்டுறது? இத்தனை வருஷமா உன் சூட்டைத் திருடிக்கிட்டிருந்தேன், இப்போ வரத்து நின்னு போச்சு, கொஞ்சம் குடுன்னா?" உன் அம்மா, "திருட்டாம், பேசாம பாலைக் குடிங்க" என்று அதட்டினாள், அழுதுகொண்டே அதட்டினாள். அவர் அவளைப் பார்த்து, "உன் இருமல் கேக்கலையே டெல்ஃபினா. ஒண்ணு குணமாயிருக்கணும், இல்ல போயிருக்கணும்னு நெனச்சேன். கோயில்ல சாவுமணி அடிக்கல, அப்போ குணம்தான்னு இருந்தேன்" என்றார். அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு மனுஷன் இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நான் தினமும் பஸ்ஸில் போனேன். முதல் நாள் அங்கிருந்த நர்ஸ், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். தம்பி என்றேன். "யாரும் இல்லைன்னு சொன்னாரே" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தால் விரட்டவில்லை, பேசவும் இல்லை, ஒரு தடவை தன் அணி ஜெயித்ததா என்று கேட்டார், ஜெயித்தது என்றேன், உண்மையில் தோற்றிருந்தது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் மத்தியானம் நான் தாழ்வாரத்தில் காபி எடுக்கப் போயிருந்தபோது போய்விட்டார். காபிக் கோப்பையோடு திரும்பி வந்தேன், திரையை இழுத்து மூடியிருந்தார்கள். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. கல்லறை வாசலில் க்வால்தியேரோ என்னை ஓரமாகக் கூப்பிட்டான், முகம் வெளுத்திருந்தது. "அக்டோபர்லயே ஃபெர்மோ கடையில என்கிட்ட கேட்டாரு. நடுச்சுவருக்குமான்னாரு. ஆமான்னேன். என் தம்பிதான் சொன்னானான்னாரு. ஆமான்னேன். கிளாஸைக் காலிபண்ணினாரு, தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் தோணலையே ஓட்டோரினோ" என்றான். ஆக, அவருக்கு அக்டோபரிலேயே தெரியும். நான் தெரிந்தே சுவரை மூடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார், அதை மாற்றிச் சொல்ல எனக்கு இனி இடம் இல்லை. ஒரு மின்கணப்பாவது வாங்கியிருக்கலாம், யாரிடமாவது வாய் திறந்திருக்கலாம், பிடிவாதக்காரன் தன் பிடிவாதத்தால் செத்தான் என்று ஊரில் எல்லோரும் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் உனக்கு அவசியமாகத் தெரிய வேண்டியது. உன் அம்மா இப்போது வீட்டில் இல்லை. நீ போன் பண்ணினபோது அவள் தூங்குகிறாள் என்று சொன்னேன், அவள் டவுனில் சித்தி ரொமில்தா வீட்டில் இருந்தாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்தே அவள் கணப்பு அறையில் உட்காரவில்லை. சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தச் சுவர்ல போட்டதைப் பிய்ச்சுடுங்க" என்றாள். "இப்போ அந்தப் பக்கம் யாரு இருக்கா? யாருக்குச் சூடு அனுப்பப் போறே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இந்த வருஷம் ஒரு தும்மல்கூட வரல. அது யாரோட சூடுன்னு எனக்குத் தெரியும். என்னால இங்க படுக்க முடியாது" என்றாள். மறுநாள் பெட்டியைக் கட்டினாள். நான் கணப்பில் விறகு அடுக்கிக்கொண்டே, "போறவ போகட்டும்" என்றேன், அவளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் க்வால்தியேரோ.

ரொமில்தா வீடு ஆற்றங்கரையில் தரைத்தளம் என்பது உனக்குத் தெரியும், சுவரெல்லாம் பாசி. நேற்று அவள் ஃபெர்மோவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், உன் அம்மாவுக்கு இருமல் திரும்ப ஆரம்பித்துவிட்டதாம், இரண்டு பேரும் உட்கார்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் ஒரு தடவை டவுனுக்குப் போனேன். அந்தத் தெரு முனைவரைக்கும் நடந்தேன். உன் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, நான் திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் க்வால்தியேரோவை வரச் சொல்லி நடுச்சுவரின் தக்கையைப் பிய்க்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பிறகு அவனே தனியாக வந்து பிய்த்தான், மிச்ச இடத்தில் அவன் கை வைக்கவில்லை. கணப்பு பழைய இடத்துக்கே போய்விட்டது. சுவர் வெறுங்கல்லாக நிற்கிறது, பூச இன்னும் வெயில் வர வேண்டும். வீட்டில் சூடு முன்னைப்போல இல்லை, விறகு கூடுதலாகத்தான் பிடிக்கிறது, ஆனாலும் உன் அம்மாவின் நெஞ்சுக்கு ஆற்றங்கரையைவிட இது எவ்வளவோ மேல், மற்ற சுவருக்கெல்லாம் கோட்டு இருக்கிறதே.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், எலியாவின் உச்சியில் தாத்தா முத்தமிட்டதாகச் சொல்லி நீயே ஒரு முத்தம் கொடு. மாப்பிள்ளையை ரொம்ப வேலை செய்யவிடாதே. பெரியப்பாவுக்காக உன் ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ரொமில்தா வீட்டுக்குப் போன் பண்ணு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. சுவரைப் பிய்த்தாகிவிட்டது என்று நீயாக எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி சொல், வீட்டுக்குப் போம்மா என்று சொல். உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். நானே போய்ச் சொல்லலாம்தான், டவுனுக்கு பஸ் தினமும் போகிறது.

உன் அப்பா,
ஓட்டோரினோ